ரப்பர் கொட்டையில் எண்ணெய் எடுப்பது எப்படி? ஹெக்சேன் இல்லாமல், ஆரம்பம் முதல் கடைசி வரை

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இது தின்கிற எண்ணெய் இல்லை. ரப்பர் கொட்டையில் லினமாரின் என்று ஒன்று இருக்கிறது, மரவள்ளிக்கிழங்கில் இருக்கிற அதே சமாச்சாரம்தான். பருப்பு நசுங்கி ஈரமும் சேர்ந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு கிளம்பும். அதனால் சோப்பு காய்ச்ச, பலகைக்குப் பூச, பாராங் கத்தியின் பிடிக்குத் தடவ என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளிக்க வேண்டாம், தலையிலும் தேய்க்க வேண்டாம்.

நான் செம்பனை ஆலை ஒன்றில் 22 வருஷம் லேப் வேலை பார்த்தவன். தினமும் பிழிந்த நாரையும் சக்கையையும் கொண்டுவந்து, எண்ணெயைக் கரைத்து இழுக்கிற சாக்ஸ்லெட் கருவியில் வைத்து, ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானை ஊற்றிக் காய்ச்சி, எவ்வளவு எண்ணெய் வீணாகிப் போகிறது என்று கணக்கு எழுத வேண்டும். அந்த லேபில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒருமுறை கெட்டுப்போய் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது தலை கனத்துக் கிடக்கும், சோறு இறங்காது. இப்போது மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அதே வேலையை வேறு கரைப்பானில் செய்கிறேன். கேட்கிறவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ஹெக்சேன் ஏன் வேண்டாம்

எண்ணெயைக் கரைப்பதில் ஹெக்சேனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 69 பாகை செல்சியஸில் கொதித்து ஓடிவிடும், எண்ணெய் மட்டும் நிற்கும், தண்ணீரோடு சேராது. உலகத்தில் பெரிய சோயா ஆலைகள் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் மைனஸ் 22 பாகையிலேயே பற்றக்கூடிய ஆவி அதிலிருந்து வரும். ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் எங்கேயோ இருக்கிற நெருப்பைத் தேடிப் பிடிக்கும். 1981 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் சோயா ஆலையிலிருந்து சாக்கடைக்குள் இறங்கிய ஹெக்சேன் ஆவி வெடித்து, தெருக்களே பிளந்துகொண்டன. அப்புறம், நாள்பட மூச்சில் போனால் உடம்பு அதை 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாற்றும், அது நரம்பைத் தின்னும். கால்விரலும் கைவிரலும்தான் முதலில் மரத்துப்போகும்.

சரி, வேறு என்ன இருக்கிறது? எத்தில் அசிட்டேட் நன்றாகக் கரைக்கும், ஆனால் அதுவும் மைனஸ் 4 பாகையிலேயே பற்றும், வீட்டுக்கு ஆகாது. ஆரஞ்சுத் தோலில் கிடைக்கிற லிமோனீன் வாசனையாக இருக்கும், கொதிநிலையோ 176 பாகை, எண்ணெயிலிருந்து அதைத் துரத்துவதற்குள் எண்ணெயே கெட்டுவிடும். கரும்புச் சக்கை மாதிரியான கழிவிலிருந்து செய்யக்கூடிய 2-மெத்தில் ஆக்சோலேன் என்று ஒன்றை 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவு எண்ணெய்க்கே அனுமதித்திருக்கிறது, அது நம் ஊர்க் கடைக்கு வரும்போது பார்க்கலாம். கார்பன் டையாக்சைடை 31 பாகைக்கு மேலே, 74 மடங்கு காற்றழுத்தத்துக்கு மேலே அழுத்தி எடுக்கிற முறை அருமையானது, காசும் அப்படியே. ஐசோபுரோப்பனால் என்ற ஆல்கஹால் எண்ணெயைச் சுலபமாகக் கரைக்கும், ஆறிய பிறகும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரிக்க வேண்டுமானால் காய்ச்சி வடித்துத்தான் ஆக வேண்டும்.

எனக்குப் பிடித்தது எத்தனால், சாராயத்தில் இருக்கிற அதே ஆல்கஹால்தான். காரணம் ஒன்றே ஒன்று: சூட்டில் எண்ணெயைக் கரைக்கும், குளிர்ந்தால் கக்கிவிடும். எனவே வடிக்கிற அடுப்பே தேவையில்லை. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது குற்றம், பின்கட்டில் கண்ணாடிக் குழாயும் ஆவியுமாக ஒருவன் நின்றால் யாரும் நல்லபடியாக நினைக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, தோட்டத்தில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்து அழிந்த குடும்பங்களைக் கண்ணால் பார்த்தவர், முதல் நாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்னப்பா, ஓய்வு பெற்ற வயசுல இந்த வேலையா?" என்றார். ரப்பர் கொட்டையைக் காட்டியும் நம்பவில்லை.

வாங்கும்போது 99.5 சதவீத எத்தனால் கேளுங்கள், ஈப்போவில் ஆய்வுக்கூடப் பொருள் விற்கிற கடைகளில் விசாரிக்கலாம். மருந்துக்கடையில் காயம் துடைக்க விற்கிற 70 சதவீதச் சரக்கு இந்த வேலைக்குக் கொஞ்சமும் உதவாது. ஹார்ட்வேர் கடை ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும், சாயமும் இருக்கலாம், அதன் ஆவி கண்ணுக்கும் நரம்புக்கும் கேடு. வேண்டாம்.

எத்தனாலும் தீப்பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள். 13 பாகையிலேயே பற்றும், நம் ஊர் வெயிலோ 30க்கு மேலே. வெட்டவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்பு, சிகரெட், சாமி விளக்கு, கொசுவர்த்தி எதுவும் கூடாது. அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஒரு நல்லது, தண்ணீரோடு கலந்துவிடும் என்பதால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். ஹெக்சேன் என்றால் தண்ணீர் மேலே மிதந்துகொண்டே எரியும். இரண்டு வாளி தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் நிரப்பி வைத்துவிட்டுத்தான் போத்தலைத் திறக்க வேண்டும்.

கொட்டை பொறுக்குவது

ஆகஸ்ட், செப்டம்பரில் மதிய வெயில் ஏறும்போது பால்மரக் காட்டுக்குள் நின்றால் பட், பட் என்று சத்தம் கேட்கும். காய்க்குள் மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை, காய்ந்து வெடித்துத் தூர எறியும். சின்ன வயதில் இதைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்தில் இருக்கிறவன் தொடையில் சூடு வைத்த ஆட்கள்தான் நாம் எல்லோரும். இப்போது தோட்டங்கள் பாதிக்கு மேல் செம்பனையாகிவிட்டன, ஆனாலும் சிறுதோட்டக்காரர்கள் யாரிடமாவது கேட்டால் பொறுக்கிக்கொள்ளச் சொல்வார்கள், கொட்டை அவர்களுக்குக் குப்பைதான்.

பளபளப்பாக, புள்ளிகள் பளிச்சென்று, கையில் கனமாக இருப்பதை எடுங்கள். குலுக்கினால் உள்ளே லொடலொடவென்று ஆடுவது பழையது, விட்டுவிடுங்கள். விழுந்த சில நாளிலேயே எண்ணெய் உள்ளுக்குள் உடைந்து அமிலமாக ஆரம்பித்துவிடும், மழையில் நனைந்தால் இன்னும் வேகமாக. இந்தக் கொட்டை வைத்தால் தாங்காது என்பதற்கு ஒரு பழைய கதையே இருக்கிறது: 1876இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 கொட்டையில் முளைத்தவை 2,700 அளவுக்குத்தான். அடுத்த வருஷம் அதிலிருந்து 22 கன்று சிங்கப்பூர் வந்து, அந்த வழியில் வந்த ஒரு மரம் இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு கிலோ கொட்டையில் ஓடு போக அரைக் கிலோ சுமாருக்குப் பருப்பு நிற்கும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் ஓடு இரண்டாகப் பிளக்கும், ஓங்கி அடித்தால் பருப்பு கூழாகிவிடும். வெள்ளை, தந்த நிறம் இருப்பதை மட்டும் வையுங்கள். மஞ்சளித்தது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாம் போகட்டும்.

காய வைப்பது: எல்லோரும் கோட்டை விடுகிற இடம்

எண்ணெய் வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கரைப்பானைத் திட்டுகிறார்கள். பருப்பில் இருந்த ஈரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

முதல் தடவை செப்டம்பர் மழை, வெயில் விட்டுவிட்டுத்தான் அடித்தது. அரை நாள் காய்ந்த பருப்பைக் கடித்துப் பார்க்காமலே (கடிக்கவும் கூடாது) விரலால் ஒடித்தேன், மொறுமொறு என்று ஒடிந்தது, காய்ந்துவிட்டது என்று அரைத்துவிட்டேன். 100 கிராம் மாவு, 300 மில்லி எத்தனால். சூடாக்கி, வடிகட்டி, குளிர வைத்தால் அடியில் ஒரு ஸ்பூன்கூட இல்லை. பிறகு மீதிப் பருப்பை அடுப்பில் வைத்து நிறுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 100 கிராமில் 12 கிராம் தண்ணீர். கணக்குப் போடுங்கள்: 300 மில்லி எத்தனால் 237 கிராம், அதில் 12 கிராம் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் காசு கொடுத்து வாங்கின 99.5 சதவீதம் 95க்கு இறங்கிவிடும். 99.5 சதவீதத்தில் 70 பாகையில் எண்ணெய் எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கும். 95 சதவீதத்தில் கொதிக்கிற சூட்டில்கூட முழுதாகக் கலக்காது. ஹெக்சேனுக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை, ஏனென்றால் அது தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளாது. எத்தனால் தண்ணீரைக் கண்டால் விடாது.

எனவே தகரத்தில் பரப்பி இரண்டு முழு நாள் வெயில். அப்புறம் 100லிருந்து 105 பாகையில், கேக் சுடுகிற 'அவன்' அடுப்பில், வெளியே காற்றோட்டத்தில் வைத்து, இரண்டு மூன்று மணி நேரம். மணிக்கு ஒருமுறை தராசில் நிறுங்கள். இரண்டு முறை நிறுத்தும் எடை இறங்கவில்லை என்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம், விரலை நம்பாதீர்கள். சமையலறைக்குள் மூடிவைத்துச் செய்ய வேண்டாம், சயனைடு 26 பாகையிலேயே ஆவியாகிவிடும், அதன் கசந்த பாதாம் வாசனை சிலருக்கு மூக்கில் ஏறவே ஏறாது. காய்ந்த பருப்பில் நஞ்சு போய்விட்டது என்றும் நினைக்காதீர்கள். சூடு பட்டு அதைக் கிளப்பிவிடுகிற நொதிதான் செத்துப்போகும், லினமாரின் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

ஆறினதும் உடனே காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் மறுபடி ஈரம் இழுத்துக்கொள்ளும்.

அரைப்பது

ரவைப் பதம். அவ்வளவுதான். நைசாக அரைத்தால் எண்ணெய் கசிந்து களிம்பாகிவிடும், வடிகட்டும்போது துணியை அடைக்கும். பருப்பில் பாதி அளவுக்கு எண்ணெய் என்பதால் மிக்சியை ஓடவிடாமல் விட்டுவிட்டுத் தட்டுங்கள், இதற்கென்று ஒரு பழைய ஜாடி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதில் சட்னி அரைக்கக் கூடாது. எத்தனாலை மிக்சிக்குள் ஊற்றி அடிக்கிற யோசனை யாருக்காவது வந்தால் உடனே கைவிடுங்கள், மோட்டாரில் பொறி பறக்கும்.

மூன்று பால்

தேங்காய்ப்பால் பிழிகிற வீட்டில் இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். ஒரே தடவையில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் பிழிவதைவிட முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்தால்தான் தேங்காய் வெறும் சக்கையாகும். இங்கேயும் அதேதான். 100 கிராம் மாவு ஏறக்குறைய 100 மில்லி கரைப்பானைக் குடித்து வைத்துக்கொள்ளும். 600 மில்லியை ஒரேயடியாக ஊற்றினால் கரைந்த எண்ணெயில் ஆறில் ஒரு பங்கு மாவிலேயே தங்கிவிடும். அதே 600ஐ 300, 150, 150 என்று பிரித்து ஊற்றினால் இருபதில் ஒரு பங்குதான் தங்கும். செலவு ஒன்று, பலன் வேறு.

சூடுபடுத்த நெருப்பு கூடாது. வீட்டுக்குள் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, பிளாஸ்கில் ஊற்றி வெளியே எடுத்து வாருங்கள். மூன்று பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் சேர்த்தால் 70 பாகை சுமாருக்கு நிற்கும். மீன் வாங்கப் போகிற ஐஸ் பெட்டியில் ஊற்றினால் அரை மணிக்கு மேல் சூடு தாங்கும். எத்தனால் 78 பாகையில் கொதிப்பது, அதனால் இந்தச் சூட்டில் பொங்காது.

சூடு தாங்கும் கண்ணாடிப் போத்தலில் மாவைப் போட்டு 300 மில்லி ஊற்றி, மூடியை இறுக்காமல் சும்மா வைத்து, வெந்நீரில் இறக்குங்கள். இறுக மூடினால் ஆவி அழுத்தி வெடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தைப் பிடித்து மெல்லச் சுழற்றிவிடுங்கள், மொத்தம் 30 நிமிடம் போதும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கைக்கு நைட்ரில் உறை, ஆவி முகத்துக்கு வராதபடி காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசுகிற மாதிரி நில்லுங்கள்.

வடிகட்டுவது சூடாக இருக்கும்போதே நடக்க வேண்டும். ஆற விட்டால் எண்ணெய் பிரிந்து மாவிலேயே ஒட்டிக்கொள்ளும், நீங்கள் வெறும் மஞ்சள் எத்தனாலைத்தான் வடிப்பீர்கள். எவர்சில்வர் வடிகட்டியில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் போட்டு ஊற்றி, உறை போட்ட கையால் பிழியுங்கள். சக்கையை மறுபடி போத்தலில் போட்டு 150, அதே மாதிரி. அப்புறம் இன்னொரு 150. மூன்றையும் ஒரே கண்ணாடிப் போத்தலில் சேருங்கள்.

குளிர வைப்பது, எந்தப் பக்கம் எண்ணெய்?

மூடியை இப்போது இறுக்கலாம், ஆனால் நன்றாக ஆறின பிறகு. ஒரு வாளியில் ஐஸ், இரண்டு கைப்பிடி உப்பு, அதில் போத்தலை நிறுத்துங்கள். வீட்டு ஃபிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள். உள்ளே விளக்கும் சுவிட்சும் இருக்கிறது, மூடி கொஞ்சம் கசிந்தாலும் போச்சு.

பத்து நிமிடத்தில் கலங்கும், நீர்மோர் மாதிரி. பிறகு கண்ணாடிச் சுவரில் சின்னச் சின்ன முத்தாகக் கோத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, வழுக்கிக் கீழே இறங்கும். ஆமாம், கீழே. எண்ணெய் என்றாலே மிதக்கும் என்று பழகிப்போன கண்ணுக்கு இது தப்பாகத் தெரியும். தண்ணீரின் அடர்த்தி 1, எண்ணெய் 0.92, அதனால் தண்ணீரில் மிதக்கிறது. எத்தனாலோ 0.79, அதில் எண்ணெய் மூழ்கும். உருப்படியாக எண்ணெய் வந்த முதல் ஈட்டில் நான் அடியில் இருந்த பழுப்பை மண்டி என்று நினைத்து வாழைமரத்தடியில் ஊற்றிவிட்டு, மேலே இருந்த தெளிவை ஆசையாக எடுத்து வைத்தேன். 22 வருஷ லேப் அனுபவம்!

மூன்று மணி நேரம் விட்டு, நீளமான சிலிகோன் குழாய் மாட்டிய ஊசிக்குழலால் அடியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எடுங்கள். அப்படிக் கொட்டாமல் ஒழுங்காக எடுத்த முதல் ஈட்டில் எனக்கு 100 கிராம் மாவுக்கு 23 கிராம்தான் வந்தது, மனசு உடைந்துவிட்டது. ஆனால் மேலே நிற்கிற எத்தனாலைக் கொட்டாமல் அடுத்த ஈட்டுக்கு முதல் பாலாக அதையே ஊற்றி, கடைசிப் பாலுக்கு மட்டும் புதுசு ஊற்றினபோது 36 கிராம் கிடைத்தது. குளிர்ந்த எத்தனாலும் கொஞ்சம் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, முதல் ஈடு அதன் வயிற்றுக்குப் போகிறது, வயிறு நிரம்பிய பிறகு வருவதெல்லாம் நமக்கு. இப்படி நாலைந்து ஈடு ஓட்டலாம். ஈட்டுக்கு ஈடு ஈரமும் சர்க்கரையும் லினமாரினும் அதில் சேர்ந்துகொண்டே போகும். வெந்நீரில் இருக்கும்போதே கலங்கலாகத் தெரிந்தால் தண்ணீர் ஏறிவிட்டது, அதை வைத்து இனி இழுக்காதீர்கள்.

எண்ணெயைச் சுத்தம் செய்வது

எடுத்த எண்ணெயில் இன்னும் எத்தனால் இருக்கும். அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேலே வைத்து, வெளியிலேயே ஆவியாக விடுங்கள், வெந்நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். இங்கேயும் தராசுதான், எடை இறங்குவது நின்றால் முடிந்தது. ஹெக்சேனில் எடுத்ததைவிட நிறம் கொஞ்சம் கறுப்பாக இருக்கும், எத்தனால் நிறத்தையும் பசையையும் சேர்த்து இழுக்கிற ஆள். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் பசை அடியில் தங்கும், மேலே இருப்பதை வடித்துக்கொள்ளுங்கள்.

சக்கையை எத்தனால் வாசனை போகும்வரை வெயிலில் பரப்பிவிட்டு மண்ணில் புதைத்துவிடுங்கள். புண்ணாக்கு என்று ஆட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள், சயனைடு எவ்வளவு மிச்சம் என்று வீட்டில் அளக்க வழி இல்லை.

என்ன செய்யலாம்

இது காய்கிற வகை எண்ணெய். லினோலியிக், லினோலெனிக் அமிலம் இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல் இருப்பதால், காற்று பட்டால் மெல்ல இறுகும். பழைய பலகையில் துணியால் மெலிசாகத் தேய்த்து விட்டால் சில நாளில் கையில் ஒட்டாது. திட்டாகப் பூசினால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். சோப்புக்கு வேண்டுமானால் தனியாகப் போடாதீர்கள், மென்மையாகிவிடும், தேங்காயெண்ணெய் பாதி சேருங்கள்.

பூசின துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மீதியை இருட்டான போத்தலில் கழுத்துவரை நிரப்பி மூடி, தமிழிலும் மலாயிலும் 'விஷம்', 'ராச்சுன்' என்று எழுதி ஒட்டுங்கள், அன்றைக்கே ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் எழுதாமல் விட்ட ஒரு போத்தல் யாரோ நல்ல மனசோடு எடுத்து அடுக்கியதில் மூன்றாம் நாள் சமையலறை அலமாரியில், நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் நின்றது. நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான்.